குறுக்கு வெட்டு, மதலேன் வியோனே, மருதமுனைத் துணி: ஒரு மொடலின் கேள்வி

கேள்வி
எழுதியவர்: வாவிக்கரை (கல்லடி)

அனைவருக்கும் வணக்கம். நான் நான்கு ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்பவர்களுக்கும் சாரிக் கடைகளுக்கும் மொடலாக நின்று வருகின்றேன். அது முழுநேரத் தொழில் அன்று. வார நாட்களில் ஒரு கடையில் கணக்கு எழுதுகின்றேன். சனி, ஞாயிறுகளில் படப்பிடிப்பு இருந்தால் போவேன்.

படத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். படப்பிடிப்புக்கு வரும் கவுன்கள் என் அளவுக்குத் தைக்கப்பட்டவை அல்ல. ஒரே கவுனை நாளைக்கு வேறொரு பெண் போடுவாள். ஆகவே கமராவுக்குத் தெரியாத முதுகுப் பக்கத்தில் துணியை இழுத்துப் பிடித்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளைக் குத்தி, முன்பக்கத்தில் மட்டும் அளவாக இருப்பதுபோல் காட்டுவார்கள். ஒருமுறை என் முதுகில் ஏழு கிளிப்புகள் இருந்தன. திரும்பவும் முடியாது, குனியவும் முடியாது. அந்தப் படத்தைப் பார்த்த என் சித்தி, "சட்டை உனக்கென்றே தைத்ததுபோல் இருக்கின்றது" என்றார்.

சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து வந்த ஒரு தையற்கலைஞர் என்னிடம் ஒரு சாட்டின் கவுனைத் தந்து போடச் சொன்னார். அதில் சிப் இல்லை, கொக்கி இல்லை, இடுப்பில் பிடிப்புத் தையலும் இல்லை. தலைவழியாகப் போட்டேன், அது தானாகவே வந்து உடம்பில் அமர்ந்தது. கிளிப்பை எடுத்துக்கொண்டு வந்த பெண் எங்கே குத்துவது என்று தெரியாமல் நின்றாள். துணியை நேர்நூலில், அதாவது நூல் ஓடும் திசையில், வைக்காமல் சாய்த்து, குறுக்காக வெட்டியதால்தான் அப்படி விழுகின்றது என்றும், முழு உடுப்பையும் அவ்வாறு வெட்டிக் காட்டியவர் மதலேன் வியோனே என்ற பிரெஞ்சுப் பெண் என்றும் அவர் சொன்னார். அன்றிலிருந்து அந்த அம்மையாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகின்றேன்.

அவர் 1876இல் பிரான்சில் பிறந்தவர். வசதியற்ற குடும்பம், பன்னிரண்டு வயதை எட்டும்போதே தையலுக்கு அனுப்பப்பட்டார். இளவயதில் மணமுறிவும் குழந்தையின் இழப்பும் நேர்ந்த பின்னர் இலண்டனுக்குப் போய் அங்கே கேட் ரெய்லியின் தையலகத்தில் வேலை செய்தார். பிறகு பாரிசுக்குத் திரும்பி, கலோ சகோதரிகள் நடத்திய புகழ்பெற்ற தையலகத்தில் தொழிலைச் செம்மையாகக் கற்றார். 1907இல் ஜாக் தூசேயின் தையலகத்தில் சேர்ந்தபோது அவர் செய்த காரியந்தான் என்னை அவருடைய ஆளாக்கியது. அந்தக் காலத்தில் உடுப்பைப் போட்டுக் காட்டும் பெண்கள்கூட உள்ளே இறுக்குக் கச்சை கட்டியே நிற்க வேண்டும். வியோனே அந்தக் கச்சையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலுடன் அவர்களை நடக்கவிட்டார். நம்மூரில் வெறுங்காலுடன் நடப்பதைப் பார்த்து ஒருவரும் திகைக்கமாட்டார்கள்; பாரிசில் அது பெரிய துணிச்சல். உடுப்புக்காக உடம்பை இறுக்கக் கூடாது, உடம்பின் வழியேதான் உடுப்பு போக வேண்டும் என்பதை அவர் முதலில் செய்து காட்டியது, என்னைப்போல் நின்று சம்பளம் வாங்கிய பெண்களின் உடம்பில் அல்லவா?

1912இல் பாரிசின் ரிவோலி வீதியில் சொந்தத் தையலகம் தொடங்கினார். 1914இல் போர் வந்ததும் அதை மூடி, போர் முடிந்த கையோடு மீண்டும் திறந்தார். 1923இல் மொந்தேன் வீதியின் 50ஆம் இலக்கக் கட்டடத்துக்கு மாறினார். காகிதத்தில் வரைந்து தொடங்குவது அவர் வழக்கம் அன்று. ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் உயரமான ஒரு மரப்பாவையை முன்னால் வைத்து, அதில் துணியைச் சுற்றி, குண்டூசி குத்தி, வெட்டிப் பார்த்த பிறகே பெரிய அளவுக்குப் போவார்.

இப்போது என் கேள்வி. அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் பட்டுக் கிரேப் (முறுக்கு நூலில் நெய்த, வழுகி விழும் துணி), மெல்லிய சாட்டின் போன்றவை. நான் மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் ஒரு குறுக்கு வெட்டு உடுப்புத் தைத்து, அதை நானே போட்டு ஒரு படத்தொடர் செய்ய விரும்புகின்றேன். கேட்ட தையற்காரர்கள் இருவர், "கைத்தறித் துணி குரோசில் விழாது, வீணாக வெட்டாதீர்கள்" என்று தட்டிவிட்டார்கள். (குரோஸ் என்பது நம் தையற்காரர்கள் குறுக்கு வெட்டுக்குச் சொல்லும் பெயர்.) உண்மையிலேயே முடியாதா, அல்லது செய்து பார்த்தவர் இல்லையா? தொழில் தெரிந்தவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1
எழுதியவர்: பழைய ஊசி (களுவாஞ்சிகுடி)

தங்கச்சி, முப்பத்தொரு வருடமாகத் தைக்கின்றேன் என்ற உரிமையில் எழுதுகின்றேன். முடியாது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

குரோஸ் வெட்டு நமக்குப் புதியதன்று. கழுத்தைச் சுற்றி வைக்கும் பட்டியை நேர்நூலில் வெட்டினால் அது வளைவில் சுருங்கி நிற்கும் என்பதால் எந்தத் தையற்காரியும் அதைச் சாய்த்துத்தான் வெட்டுவாள். சாரிச் சட்டையின் முன்பக்கத் துண்டைக் குரோசில் வெட்டினால் பிடிப்பு நன்றாக அமையும் என்பதும் நம் பெண்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஐரோப்பாவிலும் அப்படியே பட்டிகளிலும் சிறு துண்டுகளிலும் குறுக்கு வெட்டு இருந்தது. வியோனே அம்மையாரின் பெருமை, அந்தப் பட்டிக்குள் இருந்த குணத்தை முழு உடுப்புக்கும் கொண்டுவந்ததில் இருக்கின்றது.

ஏன் அப்படி விழுகின்றது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றது எளிது. ஒரு துணியை, நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் வழியே இழுத்துப் பாருங்கள்; நூலே நீண்டாலொழிய துணி நீளாது. அகலவாக்கில் ஓடும் ஊடை நூலின் வழியே இழுத்தாலும் ஏறத்தாழ அதேதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே 45 பாகையில், மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் நூல் நீளாமலேயே துணி நீளும், ஏனென்றால் நூல்களுக்கிடையிலான சிறு சதுரக் கட்டங்கள் சாய்ந்து வைர வடிவமாக மாறுகின்றன. வாவியில் வீசும் வலையின் கண்ணைப் பாருங்கள், இழுத்தால் ஒடுங்கும், விட்டால் விரியும். குரோசில் வெட்டிய உடுப்பு மார்பில் விரிந்து, இடையில் ஒடுங்கி, இடுப்பில் மீண்டும் விரிவது இதனால்தான். பிடிப்புத் தையல் செய்யும் வேலையைத் துணியின் கண்களே செய்துவிடுகின்றன.

இதனுடைய தொல்லையும் நமக்குத் தெரிந்ததே. சிறுமிகளுக்கு அம்பிரெல்லா சட்டை தைத்துக் கொடுத்தால், இரண்டு கிழமைகளில் தாய்மார் திரும்பிவந்து, "அக்கா, கரை கோணலாகிவிட்டது" என்பார்கள். வட்டமாக வெட்டிய பாவாடையில் முன்னும் பின்னும் நேர்நூல் வந்தால், இடையிலுள்ள நான்கு இடங்களில் குரோஸ் வரும். அந்த நான்கு இடங்களும் தங்கள் பாரத்தாலேயே இறங்கும். ஆகவே வெட்டித் தோள் தைத்த உடனே கரை மடிக்கக் கூடாது. குறைந்தது ஓர் இரவும் ஒரு பகலும், நான் சொன்னால் இரண்டு இரவுகள், தொங்கவிட வேண்டும். இறங்க வேண்டியது இறங்கிய பிறகு, போடுபவரை நிற்கவைத்துத் தரையிலிருந்து அளந்து கரையைச் சமப்படுத்த வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள், காற்று இழுத்த பக்கம் தனியாக நீளும்.

தைக்கும்போது நூலைச் சற்றுத் தளர்வாக விட்டுச் சிறு தையல் போடுங்கள். தையல் இறுகினால் துணி நீளும், நூல் நீளாது, ஒருநாள் உட்காரும்போது பட்டென்று அறுந்துவிடும். துணியை இரட்டையாக மடித்து வெட்டாதீர்கள். மேல்மடிப்பு நகர்ந்துவிடும், நகர்ந்தது கண்ணுக்கும் தெரியாது. ஒற்றையாக விரித்து, கீழே பழைய பத்திரிகைத் தாளை வைத்து, தாளோடு சேர்த்து வெட்டினால் துணி அசையாது.

பெரிய தடை துணியின் அகலம். வியோனே தமக்கென்று இரண்டு மீற்றர் அகலத்தில் கிரேப் நெய்வித்து வாங்கினார். குறுக்காக வைத்து வெட்டும்போது அவ்வளவு அகலம் இருந்தால்தான் பெரிய துண்டு ஒட்டுப்போடாமல் கிடைக்கும். நம் கைத்தறியில் அந்த அகலம் வராது. ஆனால் அதற்கும் அவரே ஒரு வழி வைத்திருக்கின்றார். 1920ஐ ஒட்டிய காலத்தில், நான்கு சதுரத் துண்டுகளை மட்டும் கொண்டு தந்தநிறக் கிரேப்பில் ஓர் உடுப்புச் செய்தார். முன்னால் இரண்டு சதுரம், பின்னால் இரண்டு சதுரம். ஒவ்வொன்றும் மூலை மேலாகத் தொங்கும். வளைத்து வெட்டவேண்டிய இடமே அதிகம் இல்லை. சதுரம் மூலையில் தொங்கினால், நடுவே துணி தானாகக் குரோசில்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 36 அங்குலச் சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம் ஏறத்தாழ 51 அங்குலம். ஐந்தடி நான்கு அங்குல உயரமுள்ள பெண்ணுக்குத் தோளிலிருந்து தரைக்கு 52 அங்குலம் அளவில் வரும். துணி இறங்குவதையும் சேர்த்தால் மூலை கணுக்காலைத் தொடும். ஆக, ஒரு யார் அகலமுள்ள துணியில் நான்கு யார் போதும், சிறு துண்டுகூட வீணாகாது. முதலில் நல்ல துணியில் கத்தரி வைக்காதீர்கள். வீட்டில் அம்மாவின் பழைய வொயில் சாரி இருந்தால் அதில் செய்து பாருங்கள், ஆறு யார் தாராளமாகக் காணும்.

பதில் 2
எழுதியவர்: பாவும் ஊடையும் (மருதமுனை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் ஊர்த் துணியின் பெயரைப் பார்த்து உள்ளே வந்தேன். களுவாஞ்சிகுடி அக்கா வெட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் துணியைப் பற்றி மட்டும் சொல்கின்றேன், ஏனென்றால் கடையில் அடுக்கியிருக்கும் கைத்தறியை அப்படியே வாங்கிக் குரோசில் வெட்டினால் அந்தத் தையற்காரர்கள் சொன்னதுதான் நடக்கும்.

முதல் காரணம் கஞ்சி. தறியில் பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுகின்றோம். கடையில் உங்கள் கைக்கு மொரமொரப்பாகத் தெரிவது நூல் அன்று, அந்தக் கஞ்சிதான். கஞ்சி நூலையும் நூலையும் ஒட்டிவைத்திருக்கும்வரை அக்கா சொன்ன வலைக்கண் அசையாது. வெட்டுவதற்கு முன் துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு முறை அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும், துணியும் கையில் குழைந்து வரும். ஒரு யாருக்கு இரண்டு அங்குலமாவது கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம், நாங்கள் எதற்காக நெய்கின்றோம் என்பது. சாரம் என்றால் தேய்மானத்துக்கு நிற்க வேண்டும், ஆகவே ஊடையை நெருக்கி அடிப்போம். நெருக்கமான துணியில் நூலுக்கு அசைய இடமில்லை, குரோசில் வெட்டினாலும் அட்டைபோல் நிற்கும். உங்களுக்கு வேண்டியது இலக்கம் கூடிய மெல்லிய நூலில், பாவுக்கும் ஊடைக்கும் ஒரே நூலைப் போட்டு, சற்று இடைவெளி விட்டு நெய்த துணி. நூலின் இலக்கம் கூடக்கூட நூல் மெலியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பாவில் ஒரு கனமும் ஊடையில் வேறொரு கனமும் இருந்தால் வலப்பக்கக் குரோசும் இடப்பக்கக் குரோசும் ஒன்றுபோல் இறங்கா.

கிரேப் துணியின் இரகசியமும் நூலில்தான் இருக்கின்றது. அந்த நூலை மிகக் கூடுதலாக முறுக்கியிருப்பார்கள். முறுக்கிய நூல் சுருளப் பார்க்கும், அதனால் துணிக்கு ஒரு துள்ளலும் பாரமும் வரும். நம் பருத்தி நூலில் அந்த முறுக்கு இல்லை. ஆகவே பட்டுக் கிரேப் வழுகி விழுவதுபோல் இது விழாது. சற்று விறைப்பாக, இலைபோல் மடிந்து விழும். அதைக் குறையென்று எடுத்துக்கொள்ளாமல் அதற்கேற்றபடி உடுப்பை அமைத்தால் நன்றாக வரும் என்பது என் எண்ணம்.

கட்டம்போட்ட துணியைத் தவிருங்கள் என்று சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொள்கின்றேன். சதுரத்தைச் சாய்த்தால் கட்டமும் சாய்ந்து, இரண்டு சதுரங்கள் சேரும் இடத்தில் அம்புமுனைபோல் சந்திக்கும். பொருந்தினால் மிக அழகு, பொருந்தாவிட்டால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். முதல் உடுப்புக்கு ஒற்றை நிறமே நல்லது.

சுனாமியில் எங்கள் வீட்டுத் தறிகள் இரண்டும் போய்விட்டன. பிறகு கிடைத்த தறியில் என் மூத்த ராத்தாதான் இன்றும் நெய்கின்றார். சாரம், சாரி, மேசைவிரிப்பு என்பவற்றைத் தவிர வேறெதற்கும் துணி வேண்டுமென்று இதுவரை ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. தங்கச்சிக்கு ஐந்து யார் தனியாக நெய்து தரலாமா என்று கேட்டேன். பாவு ஓடும் செலவு ஐந்து யாருக்கும் ஒன்று, ஐம்பது யாருக்கும் ஒன்று என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அடுத்த மாதம் மெல்லிய நூலில் ஒரு சாரிப் பாவு ஓடவிருக்கின்றது. அதன் முனையில் உங்களுக்கென்று கொஞ்சம் தளர்வாக நெய்யலாம் என்கின்றார். அகலம் சாரி அகலந்தான் வரும். அக்கா சொன்ன சதுரத்துக்கு அது தாராளம்.

பதில் 3
எழுதியவர்: ஏட்டுப்பூச்சி (மட்டக்களப்பு நகர்)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வியோனேயின் மீது கேள்வி எழுப்பியவருக்கு இருக்கும் மதிப்பு நியாயமானதே, ஆயினும் இறுக்குக் கச்சையைக் கழற்றிய பெருமை முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்துவிட முடியாது. அதே ஆண்டுகளில் போல் புவாரே என்பவரும் கச்சையில்லாத உடுப்புகளைச் செய்து, அப்பெருமையைத் தமக்கென்று உரிமை கோரினார். வெனிசில் மரியானோ ஃபோர்ச்சூனி 1907ஐ ஒட்டியே, மடிப்பு மடிப்பான பட்டில் உடம்பைத் தளர்வாகத் தழுவும் நீள் உடுப்பைச் செய்தார். சனெல் சற்றுப் பின்னர் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜேர்சித் துணியை வெளியுடுப்பாக்கினார். காலமே அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மேலும், மொந்தேன் வீதியில் உடுப்பு வாங்கியவர்கள் பெருஞ்செல்வர்கள். அந்த விடுதலை முதலில் பணமுள்ள உடம்புகளுக்கே கிடைத்தது.

இன்னொன்று. கைத்தறியைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டின் பார்பரா சன்சோனியை ஏன் ஒருவரும் நினைக்கவில்லை? 1964இல் பெயர்ஃபூட் நிறுவனத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களைக் கொண்டு கைத்தறித் துணி நெய்வித்து, 2022இல் மறையும்வரை நிறத்தைப் பற்றியே சிந்தித்தவர். அவருடைய வழி வியோனேயின் வழிக்கு நேர் எதிரானது. வேலை முழுவதும் தறியிலேயே, நிறங்களின் அடுக்கிலேயே முடிந்துவிடும். அதன்பின் எளிமையாக வெட்டினாலே போதும். கைத்தறிக்கு அந்த வழிதான் இயல்பு என்று எனக்குத் தோன்றுகின்றது.

கேள்வி எழுப்பியவரின் மறுமொழி
எழுதியவர்: வாவிக்கரை (கல்லடி)

அக்காவுக்கும் மருதமுனை நானாவுக்கும் மிக்க நன்றி. தையலகத்துக்குப் பணம் கொடுத்தும் இவ்வளவு விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஏட்டுப்பூச்சி ஐயா சொன்ன பெயர்களை நானும் வாசித்தேன். கச்சையைக் கழற்றியவர் புவாரேயும்தான். ஆனால் அவரே சில ஆண்டுகளில் கணுக்காலில் ஒடுங்கிய பாவாடையைக் கொண்டுவந்து, பெண்கள் எட்டி அடிவைக்க முடியாமல் செய்தார். ஓர் உடுப்பில் நடக்க முடிகின்றதா, உட்கார முடிகின்றதா, கையை உயர்த்த முடிகின்றதா என்பதைப் பார்த்து நான் அளக்கின்றேன், ஏனென்றால் படப்பிடிப்பில் எட்டு மணித்தியாலம் அதற்குள் இருப்பவள் நான். அந்த அளவுகோலில் எனக்கு வியோனேதான் முன்னால் நிற்கின்றார். சன்சோனி அம்மையாரின் நிறங்கள் எனக்கும் பிடிக்கும், ஆயினும் என் முதுகிலுள்ள கிளிப்புகளுக்கு அவரிடம் மருந்தில்லை.

காத்தான்குடியிலிருந்து ஒரு தோழி தனியாகக் கேட்டாள்: குரோசில் வெட்டினால் உடம்போடு ஒட்டிக் காட்டாதா, எங்கள் வீட்டில் அதைப் போட விடமாட்டார்களே என்று. இதை அக்காவே விளக்கினால் நல்லது.

பதில் 4
எழுதியவர்: பழைய ஊசி (களுவாஞ்சிகுடி)

ஒட்டுவதும் ஒட்டாததும் எவ்வளவு துணி விடுகின்றோம் என்பதைப் பொறுத்தது. நான்கு சதுர உடுப்பில் துணி தாராளமாக இருப்பதால் அது மடிப்பு மடிப்பாக விழும், உடம்பைக் காட்டாது. அபாயாவின் கீழ்ப்பகுதியைக் குரோசில் வெட்டிக் கொடுத்திருக்கின்றேன். காலை வீசி நடக்க இலகுவாக இருக்கின்றது என்று மீண்டும் வந்து தைத்தவர்கள் உண்டு. 1930களில் வெள்ளைச் சாட்டினில் இறுக்கமாகத் தைத்துப் படக்காட்சிகளில் காட்டியதைப் பார்த்துத்தான் குரோஸ் என்றால் ஒட்டும் என்ற எண்ணம் பரவியது.

பதில் 5
எழுதியவர்: இலக்கம் நாற்பத்தேழு (அக்கரைப்பற்று)

நான் வடிவமைப்பாளரும் அல்லேன், மொடலும் அல்லேன். ஆறு வருடம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கை பொருத்தும் வரிசையில் இருந்தவள். என் பெயரைவிட என் மெஷினின் இலக்கத்தால்தான் அங்கே என்னை அழைத்தார்கள். இந்தத் திரியை வாசித்தபோது, ஒருவரும் தொடாத ஒரு பக்கம் இருப்பதைக் கண்டு எழுதுகின்றேன்.

வியோனேயின் தையலகத்தில் உச்ச காலத்தில் ஏறத்தாழ 1,200 பேர் வேலை செய்தார்கள். அவர்களுக்கு உணவுச்சாலை இருந்தது. வைத்தியரும் பல்வைத்தியரும் இருந்தார்கள். சம்பளத்துடன் விடுமுறையும் மகப்பேற்று விடுப்பும் இருந்தன. பிரான்சில் எல்லாத் தொழிலாளருக்கும் சம்பளத்துடன் இரண்டு கிழமை விடுமுறை என்ற சட்டம் வந்தது 1936இல்தான், அவர் அதற்கு முன்னரே கொடுத்துவிட்டார். இவையெல்லாவற்றையும்விட என் மனதில் நின்றது ஒரு சிறிய செய்தி. தையற்காரிகள் முதுகு சாய்க்க வழியில்லாத முக்காலிகளில் இருந்து தைப்பது அந்தக் காலத்து வழக்கமாம். அவர் தம்முடைய பெண்களுக்குச் சாய்மானமுள்ள நாற்காலிகளைப் போட்டார். பன்னிரண்டு வயதில் ஊசி பிடித்த ஒருத்திக்குத்தான் அது தோன்றும்.

எங்கள் வரிசையில் வாங்குதான் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு இடுப்பு என் சொந்த இடுப்பாக இருக்காது. வீட்டிலிருந்து ஒரு சிறு தலையணையைக் கொண்டுபோனேன்; வரிசையின் ஒழுங்கு கெடுகின்றது என்று எடுத்து வைக்கச் சொன்னார்கள். நம் நாட்டில் மகப்பேற்று நன்மைச் சட்டம் வந்தது 1939இல். வியோனே தையலகத்தை மூடியதும் அதே 1939இல்தான். 84 நாள் விடுப்பு என்று சட்டம் சொல்வதைக் கேட்டு வாங்குவதற்கு நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதினால் திரி திசைமாறிவிடும்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. தம் உடுப்புகளைப் பிறர் திருட்டுத்தனமாகப் பார்த்துத் தைப்பதைத் தடுக்க, ஒவ்வோர் உடுப்பின் பெயர்ப்பட்டியிலும் அவர் தம் பெருவிரல் அடையாளத்தைப் பதித்தார். ஒவ்வொன்றையும் முன், பின், பக்கம் என்று படம்பிடித்துத் தொகுப்புகளாக வைத்தார். அந்தத் தொகுப்புகள் 75ஐயும், 120க்கும் மேற்பட்ட உடுப்புகளையும், நூற்றுக்கணக்கான மாதிரி வெட்டுகளையும் 1952இல் பொதுச் சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டார். அதனால்தான் அந்த நான்கு சதுரக் கணக்கு இன்று களுவாஞ்சிகுடிவரை வந்திருக்கின்றது. கைநாட்டு என்றால் எழுத்தறியாதவரின் அடையாளம் என்று நாம் தாழ்த்திச் சொல்கின்றோம். அவர் அதையே தம் முத்திரையாக வைத்துக்கொண்டார்.

தங்கச்சி, உங்கள் படத்தொடரில் துணி நெய்த ராத்தாவின் கையையும் ஒரு படம் எடுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும்.

ஏழு கிழமைகளுக்குப் பின்
எழுதியவர்: வாவிக்கரை (கல்லடி)

தாமதத்துக்கு மன்னிக்கவும். முதலில், அக்கா சொன்னபடி அம்மாவின் பழைய வொயில் சாரியில் 36 அங்குலச் சதுரங்கள் வெட்டிச் செய்து பார்த்தேன். இரண்டு இரவுகள் தொங்கவிட்டபோது முன்மூலைகள் ஒன்றரை அங்குலம் இறங்கின. அதற்கு முன், வியோனேயின் மரப்பாவையை நினைத்து, தங்கையின் பொம்மைக்குக் கைக்குட்டைகளில் அதே உடுப்பைக் கட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தோள்மூலையை எவ்வளவு தூரம் சேர்த்துத் தைத்தால் கழுத்து சரியாக வரும் என்பது எனக்கு அந்தப் பொம்மையில்தான் விளங்கியது.

பிறகு மருதமுனைக்குப் போய்த் துணியை வாங்கி வந்தேன். கடல்நிறம் என்று கேட்டேன். கடல் எந்த நேரத்தில் இருக்கும் நிறம் என்று ராத்தா திருப்பிக் கேட்டார். அவருடைய கையைப் படமெடுக்கச் சம்மதித்தார், முகம் வேண்டாம் என்றார். ஊறவைத்து அலசியபோது துணி ஒரு யாருக்கு ஒன்றரை அங்குலம் சுருங்கியது. கஞ்சி போனதும் அதே துணியா என்று ஐயப்படும் அளவுக்குக் குழைந்துவிட்டது. நானா சொன்னதுபோல் கிரேப்பாக விழவில்லை. வாழையிலையை அனலில் வாட்டினால் எப்படி மடியுமோ அப்படி மடிந்து விழுகின்றது. எனக்கு அது கிரேப்பைவிடப் பிடித்திருக்கின்றது.

போன ஞாயிறு வாவிக்கரையில் படமெடுத்தோம். கிளிப் ஒன்றும் போடவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன், தோணியில் ஏறி இறங்கினேன். முதன்முறையாக என் முதுகுப் பக்கத்தையும் படமெடுத்தார்கள்.

ஒரு குறை இருக்கின்றது. இடத்தோளின் மூலை நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போகின்றது; வலத்தோள் அப்படியே நிற்கின்றது. இப்போது முக்கால் அங்குல வேறுபாடு. தோளுக்குள்ளே நேர்நூல் பட்டி ஒன்று வைத்துத் தைத்தால் நிற்குமா, அல்லது பிரித்துத்தான் தைக்க வேண்டுமா? சனிக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு களுவாஞ்சிகுடிக்கு வரலாமா, அக்கா?

பதில் 6
எழுதியவர்: பழைய ஊசி (களுவாஞ்சிகுடி)

தாராளமாக வாருங்கள். பட்டி வைத்தால் நிற்கும். ஆனால் இடத்தோளின் சதுரத்தை நீங்கள் திருப்பி வைத்துத் தைத்திருக்கின்றீர்களா என்பதை நான் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். மாட்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவராதீர்கள், பேருந்தில் ஆடி இன்னும் நீண்டுவிடும். துவாயில் வைத்துச் சுருட்டிக் கொண்டு வாருங்கள்.